மகளுக்கெண்டு விட்ட காணியில் முளைச்சது

விடியச் சுபஹுத் தொழுதிட்டுக் கதவைத் திறந்தன். நாத்தம் முகத்தில அடிச்சிச்சு. என்ன நாத்தமெண்டு நான் யோசிக்கவே இல்ல. கால் ரெண்டும் தானா மடங்கி, வாசல் படியில அப்படியே குந்திட்டன்.

நான் எங்கட ஊருல பொம்பிளை மையித்துக் குளிப்பாட்டுறவள், செத்தவங்களைக் கழுவிக் கபன் புடவை சுத்தி அனுப்புறவள். மருதமுனையில இருந்து சாய்ந்தமருது வரைக்கும் எந்த வீட்டில பொம்பிளை மவுத்தானாலும் ஆட்டோ வந்து என்ட கடப்படியிலதான் நிக்கும். ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள்ள கிடந்து வந்த மையித்து, தனி வீட்டுக்குள்ள ஆரும் காணாமக் கிடந்த மையித்து எல்லாம் பார்த்தாச்சு. மூக்கைப் பொத்துறவள் இந்த வேலைக்கு வரப்படாது எண்டு கூட வாற பொம்பிளைகளுக்கு ஏசுறவளே நான்தான். அப்படிப்பட்டவளையும் படியில இருத்துற நாத்தம் உலகத்துல ஒண்டே ஒண்டுதான் இருக்கு. அது கடல் வந்த வருஷத்து நாத்தம்.

அந்தக் கிழமை எங்கட ஊருல ஒரு மையித்தையும் முறையாக் குளிப்பாட்டல்ல. தண்ணி இல்ல, கபன் புடவை இல்ல, நேரமும் இல்ல. உழவு மெசினில ஏத்திக் கொண்டு போய் மையவாடியில நீளமா வெட்டின கிடங்குக்குள்ள ஒண்டா வச்சாங்க. கடல்ல போனவங்க ஷஹீதுகள், தியாகிகள், குளிப்பாட்டாட்டியும் அல்லாஹ் ஏத்துக்கொள்ளுவான் எண்டாங்க. ஏத்துக்கொள்ளட்டும், நான் என்ன வேணாமெண்டா சொல்றன்? ஆனா எனக்கு அது நெஞ்சுக்குள்ள கிடந்து அரிச்சுக்கொண்டே இருந்திச்சு. அதுக்குப் பிறகுதான் இந்த வேலையைப் பழகினன்.

இப்ப அந்த நாத்தம் எங்கட வளவுக்குள்ள இருந்து வருது. அதுவும் ராத்தா தன்ட மகளுக்கெண்டு விட்டு வச்ச துண்டுக் காணியில இருந்து.

ராத்தா எண்டா என்ட மூத்த சகோதரி. எங்கட பக்கத்து வழக்கம் தெரியாதவங்களுக்கு ஒண்டு சொல்லோணும். இஞ்ச கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்பிளைட வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால பொம்பிளைப் பிள்ளை பிறந்த அண்டைக்கே தாய் தகப்பனுக்கு வீட்டுக் கவலையும் சேர்ந்து பிறந்திடும். எங்கட உம்மா வளவை ரெண்டாப் பிரிச்சு ரோட்டுப் பக்கத்தை எனக்கும் கடல் பக்கத்தை ராத்தாக்கும் தந்தா. ராத்தா தன்ட மகள் பிறந்த மாசமே தன்ட பாதியில ஒரு துண்டை வேலியடைச்சு, நாலு தென்னம்பிள்ளை வச்சு, “இது இவட வீடு” எண்டா. தொட்டிலுக்குள்ள கிடந்தவளுக்கு வீடு தயார். நாங்க சிரிச்சம்.

கடல் வந்த வருஷம் அந்தப் பிள்ளைக்கு முன்பல் விழுகிற வயசு. விழுந்த பல்லைக் கொண்டு வந்து என்னட்டக் காட்டிட்டு, வழக்கம் போலத் தங்கட வீட்டுக் கூரையில எறிஞ்சா. ஓட்டுல பட்டு உருண்டு எங்கயோ ஓடைக்குள்ள மாட்டிக்கொண்டிச்சு. “சாச்சி, அது விழுந்தா எனக்குப் பல்லு முளைக்காதா?” எண்டு கேட்டா. முளைக்கும் போடி எண்டு அனுப்பினன். அந்தக் கிழமை முடியவே ஞாயிற்றுக்கிழமை காலம்பற குர்ஆன் ஓதப் போனவள். ராத்தா கிணத்தடியில உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தா. மச்சான், ராத்தாட மாப்பிள்ளை, இயந்திரப் போட்டில ஆழ்கடலுக்குப் போயிருந்தார். ராத்தாவைத் தண்ணி தூக்கிக்கொண்டு போய் மாமரத்தில மாட்டிவிட்டிச்சு. கடலுக்குள்ள நிண்ட மச்சானுக்கு ஒண்டும் தெரியவே இல்ல. வீடும் போச்சு, பல்லுக் கிடந்த கூரையும் போச்சு. பிள்ளை வரல்ல.

தேடாத இடம் இல்ல. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், பள்ளிவாசல் முத்தம், காரைதீவுப் பக்கம், அங்கால நிந்தவூர் எண்டு ராத்தா நடந்தே போனா. மூடின முகத்தையெல்லாம் திறந்து பார்த்தா. ஒரு முகமும் அவட மகள்ட இல்ல. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை மவுத்தாகிட்டா எண்டு ஆரும் வாய் திறக்கேலாது. மையித்துக் கிடைக்காதவங்களுக்கு காயிப் ஜனாஸா எண்டு, ஆள் இல்லாமலே பள்ளியில தொழுவிக்கிறது உண்டு. மச்சான் எத்தனை தடவை கெஞ்சியிருப்பார்! “கபுறு இல்லாத புள்ளைக்கு என்ன தொழுக? எனக்கு என்ட புள்ளைய மண்ணுக்குள்ள வைக்கோணும், மறுகா தொழுவிங்க” எண்டு ராத்தா ஒரே பிடி. மச்சானும் மவுத்தாகிட்டார். அவர் போற வரைக்கும் அந்தத் தொழுகை நடக்கல்ல.

அந்தத் துண்டுக் காணியும் சும்மாவே கிடந்திச்சு. ஊரைத் துப்பரவாக்க வந்த டோசர், விழுந்த தென்னைகளையும் உடைஞ்ச சுவரையும் அதுக்குள்ள தள்ளி, மேல கிறவல் மண் போட்டுச் சமப்படுத்திட்டுப் போனது. ராத்தா பக்கத்தில ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு இருந்தா. காணியில ஒரு மிளகாய்க் கண்டு கூட நடல்ல.

சில வருஷத்துக்கு முதல் ராத்தா மக்காவுக்கு உம்றாச் செய்யப் போய் வந்தா. போனவங்க தங்களுக்கெண்டு ஸம்ஸம் தண்ணியில நனைச்சுக் காயவச்ச கபன் புடவை கொண்டு வாறது வழமைதானே. ராத்தாட பேக்கில ரெண்டு கட்டு இருந்திச்சு. ஒண்டு பெரிசு. மத்தது சின்னன். அலுமாரிக்குள்ள வச்சுக்கொண்டே என்ட முகத்தைப் பார்த்து, “ஒண்டும் கேக்காத” எண்டா. நான் கேக்கல்ல. குளிப்பாட்டுற எனக்குத் தெரியாதா, சின்னக் கட்டு ஆருக்கெண்டு?

இந்த வருஷம் என்ட மகளுக்குக் கலியாணம் சரி வந்திச்சு. மாப்பிள்ளை வீட்டார் நல்லவங்க, ஆனா வீடு எங்க எண்டு கேக்காம இருப்பாங்களா? எனக்கு வேற காணி இல்ல. ராத்தாட்டக் கேக்க என்ட வாய் வரல்ல. கேட்டிருந்தா நான் மனுசியே இல்ல. அவதான் ஒரு நாள் கிணத்தடியில பாரைக்குட்டிக்குச் செதிள் கழட்டிக்கொண்டு, தலை நிமிராமச் சொன்னா: “அந்தத் துண்ட எடு. பொம்பிளப் புள்ளைக்கெண்டு விட்டது. பொம்பிளப் புள்ளைக்கே போகட்டும்.” சொல்லிட்டு மீனைத் திருப்பிப் பிடிச்சா.

மேசனைக் கூப்பிட்டம். மாரி தொடங்க முன்னம் அத்திவாரம் போட்டு முடிக்கோணுமெண்டு அவசரம். வெட்டத் தொடங்கின கையோட மழை பிடிச்சிட்டுது. வேலையை நிப்பாட்டினம். மழை விட்ட முதல் விடியலிலதான் நான் படியில குந்தினது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினதெண்டு சொல்லுவாங்களே, அது எங்கட வளவுக்கே வந்திட்டுது.

முதல்ல எலியெண்டம், பூனையெண்டம். வேலிப்பக்கம், குப்பைப் பக்கம், கோழிக்கூட்டுக்குக் கீழ எல்லாம் தேடினம். ஒண்டும் இல்ல. வெயில் ஏற ஏற அத்திவாரக் கிடங்குட ஒரு மூலையில இலையான் மொய்க்கத் தொடங்கிட்டு. பச்சை இலையான், நீல இலையான், இரைச்சல் ரோட்டுக்குக் கேக்குது. மேசன் வந்தார். மூக்கால ஒரு தடவை இழுத்தார். மம்பட்டியைச் சுவரில சாத்திட்டு என்னைப் பார்த்தார். அவர்ட உம்மாவும் கடல் வந்த கிழமையில போனவதான். “தங்கச்சி, இது எனக்குத் தெரிஞ்ச மணம்” எண்டார். “ஊர் விதானைக்குச் சொல்லுவம், பொலிசுக்குச் சொல்லுவம். நான் இதுல வெட்டமாட்டன்.”

இஞ்ச ஒண்டு சொல்லோணும். எனக்குத் தெரியும், அவ்வளவு பழைய மையித்து மணக்காது. எலும்புக்கு என்ன மணம்? உடைஞ்ச பழைய கபுறுகளை நான் பார்த்திருக்கன், மண்வாடைதான் வரும். இதை மேசனுக்குச் சொன்னன், மகளுக்குச் சொன்னன், எனக்கு நானே சத்தமாச் சொன்னன். சொல்லிக்கொண்டே கிடங்குக்குக் கிட்டப் போறன். அறிவு ஒரு பக்கம் நிண்டு கத்துது. மூக்கு அதைக் கேக்குதில்ல.

ராத்தா வந்தா. முக்காட்டை மூக்குல பிடிக்கவும் இல்ல. இலையான் மொய்க்கிற மூலைக்கு நேரா வந்து மண்ணில குந்தினா.

“இஞ்சதான் இரிக்கா” எண்டா. “எவ்வளவு தூரம் நடந்தன் கா நான்! இவ தன்ட காணிக்குள்ளயே படுத்திரிக்கா.”

“ராத்தா, அவ்வளவு வருஷத்து மையித்து மணக்காது” எண்டன்.

“நீ சும்மா இரி.”

“பொலிசுக்குச் சொல்லோணுமாம்.”

“பொலிசு வந்தா எடுத்திட்டுப் போயிருவாங்க. பெட்டிக்குள்ள போட்டுக் கொழும்புக்கு அனுப்புவாங்க. எனக்கு வேணாம். நாளைக்கு வெள்ளன தோண்டுங்க. என்ட புள்ளைய என்ட கையில தாங்க, அவ்வளவுதான்.”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமா? பின்னேரம் அசருக்குள்ள ஒழுங்கை நிறையப் பொம்பிளைகள். அதுல ஒருத்தி, பேர் எதுக்கு, வாயில வெத்திலையோட வந்து நிண்டு சொல்றா: “கடல்ல போனவங்க ஷஹீதெண்டுதானே சொன்னாங்க. ஷஹீதுட உடம்பு கஸ்தூரி மணக்குமெண்டு ஹஸரத்மார் சொல்லுவாங்க. இது என்னகா இப்படி நாறுது?” எனக்கு வந்த ஆத்திரத்தில அவட வெத்திலையோட சேர்த்து வாயைப் பொத்தியிருப்பன். “மூக்கு அவ்வளவு நல்லதெண்டா உன்ட குசினிக்குள்ள போய் மணந்து பாருகா” எண்டு ஏசி ஒழுங்கை முனை வரைக்கும் விரட்டினன். ஆனா சொல் விழுந்திட்டு. விழுந்த சொல்லை என்ன செய்யேலும்?

பொழுதுபட, மஃரிபுக்கு முதல் ராத்தா என்னட்ட வந்தா. கண் வீங்கியிருந்திச்சு. “அவ ஓதப் போன புள்ள” எண்டா. “ஒரு குத்தமும் செய்யாத புள்ள. மறுகா ஏன் கா இந்த நாத்தம்? நான் ஏதும் குத்தம் செஞ்சதுக்கு அல்லாஹ் அவளையா நாற வைக்கிறான்?” நான் எத்தனை வீட்டில எத்தனை தாய்மாருக்கு ஆறுதல் சொன்னவள். அவட தலையை மடியில வச்சுக்கொண்டு இருந்தன், வேற என்ன செய்ய?

அடுத்த நாள் விடிய மேசன் வந்தார். வராமல் விடுவாரெண்டுதான் நினைச்சன். “என்ட உம்மாவா இருந்தா ஆரும் ஒருத்தர் தோண்டத்தானே வேணும்” எண்டு சொல்லிட்டு சாரனை மடிச்சுக் கட்டினார். நான் என்ட பேக்கை எடுத்து வந்தன். கற்பூரம், இலந்தை இலை, கையுறை. எலும்பெண்டாலும் குளிப்பாட்டித்தானே வைக்கோணும். ராத்தா அந்தச் சின்னக் கட்டை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வந்து நிண்டா. அதைக் கண்டதும் மேசன் தலையைக் குனிஞ்சிட்டார்.

ரெண்டு மம்பட்டி மண் எடுக்க முன்னமே வெள்ளையா ஒண்டு தெரிஞ்சிச்சு. வட்டமா, மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு. மண்டையோடு! ராத்தா ஒரு சத்தம் போட்டா பாருங்க, இண்டைக்கும் என்ட காதில கிடக்கு. மேசன் மம்பட்டியை எறிஞ்சிட்டார். நான்தான் கிடங்குக்குள்ள இறங்கினன். இறங்கி மண்ணைக் கையால விலத்தினன்.

மண்டையோடு இல்ல. ஆமை முட்டை மாதிரி ஒண்டு. அதே அளவு, அதே வெள்ளை, அமத்தினா உள்ள அமுங்குது. அடியில வெள்ளை நூல் மாதிரி ஒரு வேர். பக்கத்தில இன்னொண்டு, அங்கால இன்னொண்டு. அதுகளுக்குக் கீழ டோசர் புதைச்சிட்டுப் போன தென்னங்குத்தி, உக்கி ஸ்பொஞ்சு மாதிரி ஆகிக் கிடக்கு. ஒரு முட்டையை நகத்தால கீறினன். உள்ள கண்ணாடி மாதிரிக் கொழகொழப்பு, அதுக்குள்ள ஏதோ மடங்கிப் படுத்திருக்கு. மூலையில, இலையான் மொய்ச்ச இடத்துல, வெடிச்ச முட்டையில இருந்து ஒண்டு எழும்பிச் சாய்ஞ்சு கிடக்கு. வெள்ளைத் தண்டு, நுனியில கரும்பச்சைச் சளி. பாதியைக் கோழி கொத்தியிருக்கு. மூக்கைக் கிட்டக் கொண்டு போனன். நாத்தம் அதுலதான்.

அதுட வடிவத்தைப் பத்தி நான் எழுதமாட்டன். கண்டவங்களுக்குத் தெரியும். மேசன் வேற பக்கம் திரும்பி இருமினார், வேலியில நிண்ட பொம்பிளைகள் முக்காட்டை வாய்க்குள்ள திணிச்சாங்க. அந்த நேரத்திலயும் எனக்குச் சிரிப்பு முட்டிட்டு, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ராத்தா சிரிக்கல்ல. “தோண்டு” எண்டா.

மேசன் தோண்டினார். ஊத்துத் தண்ணி வாற வரைக்கும் தோண்டினார். எலும்பெண்டு ஒரு துண்டு இல்ல. தென்னங்குத்தி, சுவர்க் கல்லு, ஓட்டுத் துண்டுகள். ராத்தா கிடங்குக்குள்ள இறங்கி அந்த ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொண்டா எடுத்து, பெருவிரலால மண்ணைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தா. “இது எங்கட கூரை” எண்டா. அவ என்னத்தைத் தேடுறா எண்டு எனக்கு விளங்க ஒள்ளுப்பம் நேரம் எடுத்திச்சு. விளங்கின உடனே நான் மேல ஏறிட்டன். அவ அந்தப் பல்லைத் தேடுறா.

இதுக்குள்ள என்ட மகள் போனில படம் எடுத்துக் குடும்பக் குறூப்புல போட்டுட்டா. எங்கட குடும்பம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறதுதானே. போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்திச்சு.

முதல்ல மெல்பனில இருக்கிற எங்கட தம்பி குரல் அனுப்பினான். “ராத்தா, பயப்பிடாதீங்க, இது காளான். எங்கட வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுல மரச்சீவல் கொட்டின இடத்துல மழைக்குப் பிறகு இதுட சொந்தக்காரன் ஒண்டு வரும். சிவப்பு நிறம், நட்சத்திரம் மாதிரி விரியும். நாத்தம் இதேதான்.” மண்ணுக்குள்ள உக்கின மரத்தைத் திண்டு முட்டையா இருந்து, நல்ல மழை கண்டா ஒரு விடியலுக்குள்ள எழும்பி, பின்னேரத்துக்குள்ள விழுந்திடுமாம். நாத்தம் இலையானைக் கூப்பிடத்தானாம். இலையான் அந்தச் சளியைத் திண்டு, வித்தைக் காலில ஒட்டிக்கொண்டு போய் வேற இடத்துல இறக்குமாம். கணவாய் மாதிரிக் கை விரிக்கிற ஒரு சாதி அவன்ட நாட்டுப் பக்கத்தில இருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கே போயிட்டாம்; செம்மறி ஆட்டு மயிர் மூட்டையோட போயிருக்குமெண்டு சொல்றாங்களாம்.

இங்கிலாந்தில படிக்கிற எங்கட சாச்சிட பேரன் எழுதினான், காட்டுக்குள்ள நடக்கப் போன இடத்துல செத்த மான் கிடக்கெண்டு கூட்டாளிமாரோட தேடித் தேடிக் கடைசியில இதைத்தான் கண்டாங்களாம். அங்க கண்ணுக்குத் தெரிய முன்னம் மூக்குக்குத்தான் தெரியுமாம். சீனாவுக்குச் சாமான் எடுக்கப் போய் வாற மச்சினன் ஒருத்தர், “இதை இஞ்ச காயவச்சு விக்கிறாங்க, சூப்புல போட்டுத் திங்கிறாங்க, நல்ல விலை” எண்டு சிரிப்புப் படம் வேற. மூங்கில் காட்டுல வாறதாம். அந்தக் கறுப்புத் தலையைக் கழுவி எறிஞ்சிட்டு மிச்சத்தைத்தான் திங்கிறதாம். அங்க உள்ளதுக்குத் தலையில இருந்து வெள்ளை வலை தொங்குமாம், அதுதான் ருசியாம். எங்கடதுக்கு வலை இல்ல எண்டு மகள் பதில் போட்டா. கத்தாரில நிக்கிறவன், “இஞ்ச மணலும் ஏசியும்தான், நான் ஒண்டையும் காணல்ல” எண்டான். கொழும்பில இருக்கிற வயசான மாமா ஒருத்தர் மட்டும், “குடும்பக் குறூப்புல இது என்ன படம்? அழி கெதியா” எண்டு ஏசினார்.

மகள் போனைத் தட்டித் தட்டி வாசிக்கிறா. இத்தாலியில சிவப்புக் கூடு மாதிரி ஒரு சாதி இருக்காம். ஆப்பிரிக்காக் காட்டுல இருக்காம், பிரேசிலில இருக்காம், நடுக்கடல் தீவுகளில இருக்காம். சூடும் ஈரமும் உக்கின மரமும் இருந்தாப் போதுமாம். அவட முகம் நல்லாத் தெளிஞ்சிட்டு. மேசனும் தேத்தண்ணி கேட்டார். வேலியில நிண்ட பொம்பிளைகளும் ஒவ்வொண்டாக் கழண்டாங்க. எனக்கும், உண்மையைச் சொன்னா, நெஞ்சு லேசாகிட்டுது.

ராத்தா காலெல்லாம் சேறோட கிடங்குக் கரையில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தா.

“அப்ப எல்லா நாட்டிலயும் இது இரிக்கா?” எண்டு கேட்டா.

“ஓம் பெரியம்மா, முக்காவாசி உலகத்துலயும் இரிக்கி” எண்டா மகள், சந்தோசமா.

“அப்ப அங்கயெல்லாமும் ஒரு தாய் ஓடிப் போய்த் தோண்டிப் பார்த்திரிப்பா, என்ன?”

மகள் போனை மடியில வச்சிட்டா. அந்தக் கேள்வியை ஒருத்தருக்கும் அனுப்பல்ல.

“ராத்தா” எண்டன். “நாத்தம் பிள்ளைட இல்ல. காளான்ட. உங்களுக்கு நிம்மதிதானே?”

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. எரிச்சலுமில்ல, அழுகையுமில்ல. “காளானெண்டு ஆருகா உங்களுக்கிட்டக் கேட்ட?” எண்டா. “நேத்து ஒரு நாள் முழுக்க என்ட புள்ள எங்க இரிக்கா எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு. நாறினாலும் என்ன, எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு.”

யா றப்பே! எல்லாரும் நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கிறம், இவவுக்குப் பிள்ளை ரெண்டாந் தரமும் போயிட்டா. என்ட கையில இருந்த கோப்பையைக் கீழ வச்சிட்டன்.

அண்டைக்கு ராத்தா சாப்பிடல்ல. விடியச் சுபஹுக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தன். கட்டிலில அந்தச் சின்னக் கட்டு அவிழ்த்துக் கிடக்கு. பக்கத்தில கழுவித் துடைச்ச ஓட்டுத் துண்டு ஒண்டு. பல்லுக் கிடைக்கல்ல எண்டு நான் கேக்காமலே சொன்னா. “இந்த ஓடுகள்ள எதுலயோ அவட பல்லு உருண்டது. இதை விட்டா அவட ஒண்டும் எனக்கிட்ட இல்ல. நீ வெட்டித்தா.”

“என்னத்தை?”

“கபன.”

நான் மார்க்கச் சட்டம் தெரியாதவள் இல்ல. உடம்பு இல்லாமக் கபன் இல்ல. ஓட்டுத் துண்டுக்குக் கபன் எண்டு கேள்விப்பட்டா மௌலவி என்னைப் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்க விடமாட்டார். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தன். ராத்தா எழும்பி நிண்டு, கையைத் தன்ட இடுப்புக்கு நேரா விரிச்சுப் பிடிச்சா. “இவ்வளவு” எண்டா. “இவ்வளவு உசரம். நான் கிணத்தடியில நிண்டா அவட தலை இதுல வந்து முட்டும்.”

நான் குளிப்பாட்டுற இடத்துல கயித்தாலதான் அளவெடுக்கிறது, தலையில இருந்து கால் வரைக்கும். இண்டைக்கு ராத்தாட கைக்கும் தரைக்கும் இடையில ஒண்டும் இல்லாத இடத்துல கயித்தைப் பிடிச்சு அளந்தன். கத்தரிக்கோல் வைக்காம, தைக்காம, கையால கிழிச்சன். அந்தப் புடவை கிழியிற சத்தம் எனக்குப் புதுசில்ல. ஆனா அண்டைக்குக் காதைப் பொத்தோணும் போல இருந்திச்சு. கற்பூரம் தூவி, ஓட்டுத் துண்டை வச்சு, மூணு கட்டுப் போட்டன். மௌலவி ஏசினா ஏசட்டும். என்ட கணக்கை நான் அல்லாஹ்ட்டச் சொல்லிக்கொள்ளுவன்.

அந்த மூலையிலதான், தென்னங்குத்திக்குப் பக்கத்தில, ராத்தாவே இறங்கி வச்சா. மூணு பிடி மண்ணும் போட்டா. மேசன் நூலை எடுத்து, குசினிச் சுவரை ஒரு முழம் உள்ளுக்குத் தள்ளிக் கட்டினார். “வீடு கட்டு” எண்டா ராத்தா. “இவவுக்குத் தங்கச்சி ஒருத்தி பக்கத்தில இரிக்கட்டும்.” வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளியில அறிவிக்கச் சொல்லி அவவே ஆள் அனுப்பினா. எத்தனையோ வருஷம் தள்ளி வச்ச காயிப் ஜனாஸாவை ஊர் ஆம்பிளைகள் எல்லாம் சஃப்பில வரிசையா நிண்டு தொழுதாங்க. அவ வீட்டுக்குள்ள முசல்லாப் பாயில இருந்தா. அண்டைக்குத்தான் அவட வாயில இருந்து “மவுத்தாகிட்டா” எண்ட சொல்லை நான் முதல் முதலாக் கேட்டன்.

பிறகு மாரி நல்லாக் கொட்டிச்சு. சுவர் இடுப்புக்கு எழும்பியிருந்திச்சு. ஒரு விடியல் கதவைத் திறக்கிறன், திரும்பவும் அதே நாத்தம். இந்த முறை கால் மடங்கல்ல. காளான்தானே எண்டு வேணுமெண்டே சத்தமாச் சொல்லிட்டுச் செருப்பைப் போட்டன்.

ராத்தா எனக்கு முன்னமே அங்க. மூலையில குந்திக்கொண்டு, முக்காட்டு நுனியால இலையானை விரட்டிக்கொண்டிருக்கா. மண்ணை விலத்திக்கொண்டு ஒண்டே ஒண்டு எழும்பி நிக்குது. முதல் வந்ததுகள் மாதிரி இல்ல. வேற சாதியோ, இல்லாட்டிக் கோழி கொத்த முன்னம் நாங்க கண்டது இதுதான் முதல் தரமோ, எனக்குத் தெரியாது. மச்சினன் சொன்ன அந்த வெள்ளை வலை, தலைக்குக் கீழ இருந்து இறங்கி, சுத்திவர விரிஞ்சு, மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிக்குது. ஒரு இடத்துலயும் நீட்டுமில்ல, கட்டையுமில்ல.

ராத்தா திரும்பிப் பார்க்கல்ல. இலையானை விரட்டுற கையையும் நிப்பாட்டல்ல.

“அளவு சரியாத்தான் வெட்டியிரிக்காய், புள்ள” எண்டா.

நான் பக்கத்தில குந்தி, மத்தப் பக்கத்து இலையானை விரட்டினன்.